ஈண்டுக் காண்போம்

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் நகட்டிக்கிடுங்க. என் பைக்குள்ள முக்கியமான காகிதம் இருக்கு, கசங்கிரப்படாது. தென்காசிதானே? நானும் அங்கதான். பஸ்ஸு போயிச் சேர ஒரு மணி நேரம் ஆவும், பேசிக்கிட்டே போவலாம். யம்மா, அந்தக் கூடையை என் காலுக்கடியில தள்ளிருங்க. எதுக்குக் கையில சொமந்துகிட்டு நிக்கீய? ஆங், அப்பிடித்தான். பாத்தீயளா தம்பி, நாம கொஞ்சம் மனசு வெச்சா அடுத்தவங்க பாரத்தைக் கொறைச்சுரலாம்.

நான் தமிழாசிரியர். பேரு குற்றாலிங்கம். புளியங்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடம், முப்பத்தோரு வருஷ சர்வீஸ். வெறும் குற்றாலிங்கம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. முன்னுரை குற்றாலிங்கம்னு கேளுங்க. இந்த ஜில்லாவுல தமிழ்ப் பரீட்சை எழுதின பிள்ளைக்கெல்லாம் தெரியும். நீங்க எங்க படிச்சீய? கோயம்புத்தூரா. அப்ப தெரியாது, உங்க மேல தப்பில்லை.

ஒரு அநியாயம் நடந்துபோச்சு தம்பி. அதைச் சொல்லணும். சொல்லுததுக்கு முந்தி முன்னுரைன்னா என்னன்னு உங்களுக்குப் புரியணும். ஒரு கதையை ஆய்ஞ்சு கட்டுரை எழுதச் சொல்லுதாங்கன்னு வைங்க. திருத்துறவருக்கு ஒரு நாளைக்கு அம்பது அறுபது பேப்பர். அவரு என்னத்த வாசிப்பாரு? முதல் பத்தி வாசிப்பாரு, கடைசிப் பத்தி வாசிப்பாரு, நடுவுல பக்கத்தை எண்ணுவாரு. நானே அப்பிடித்தான் திருத்துதேன், உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. அப்ப முதல் பத்தி எப்பிடி இருக்கணும்? கம்பீரமா இருக்கணும். அதுக்காக நான் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன். கேளுங்க:

"பரந்து விரிந்த இப்பாரில் வாழும் மாந்தர்தம் வாழ்வைப் படம்பிடித்துக் காட்டும் காலக்கண்ணாடியே இலக்கியமாகும். கடலில் மூழ்கினால் முத்து கிடைக்கும். இலக்கியத்தில் மூழ்கினால் அறம் கிடைக்கும். அத்தகைய இலக்கிய வானில் துருவ நட்சத்திரமாய் ஒளிவீசும்" கோடிட்ட இடம் "என்னும் கதையினை ஈண்டுக் காண்போம்."

எப்பிடி? அந்தக் கோடிட்ட இடம் இருக்கு பாருங்க, அதுலதான் என் மூளை இருக்கு. எந்தக் கதையா இருந்தாலும் பேரை மட்டும் போட்டுக்கிட வேண்டியது. கதையை வாசிக்கக்கூட வேண்டாம். ஒரு பய அவசரத்துல பேரைப் போடவே மறந்து, கோட்டை மட்டும் போட்டுட்டு வந்துட்டான். ஆறுக்கு அஞ்சரை மார்க்கு. இன்னொருத்தன் சுற்றுச்சூழல் கட்டுரையில, துருவ நட்சத்திரமாய் ஒளிவீசும் நெகிழிக் குப்பையினை ஈண்டுக் காண்போம்னு எழுதிட்டான். அதுக்கும் மார்க்கு வந்துச்சு. அவன் இப்ப மதுரைப் பக்கம் தமிழாசிரியரா இருக்கான்.

இது நீங்களே எழுதினதான்னு கேக்கீயளா? நான் எழுதினதுதான். அதாவது, எங்க சார் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. அவருக்கு அவங்க சார் சொன்னாராம். ஆனா முதல்ல அது 'இங்குக் காண்போம்'னுதான் இருந்துச்சு. 'ஈண்டு' நான் போட்டது. அந்த ஒரு வார்த்தை வந்ததுக்குப் பொறவுதான் அதுக்கு ஒரு மிடுக்கே வந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன வருஷம் பன்னெண்டாம் வகுப்புல முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுதாரு. படிப்பா, குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு கெட்ட பழக்கம், எதைக் குடுத்தாலும் முழுசா வாசிச்சிருவா. துணைப்பாடத்துல ஒரு கதை. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொந்தக்காரங்க எல்லாம் அண்ணன் வீட்டுல கூடிப் பேசித் தீத்து வைக்காங்க. கடைசியில அண்ணன் தம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிடுவாரு. அண்ணனின் பெருந்தன்மையை விளக்குக, அதான் கேள்வி. ஒம்பது வருஷமா அதைத்தான் நடத்துதேன். அந்த இடத்தை மட்டும் நான் ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டுவேன்.

தென்காசியில ஒரு இலக்கிய மன்றம் இருக்கு. தை மாசம் அவங்க ஒரு போட்டி வெச்சாங்க. பாடத்துல உள்ள ஒரு கதையை ஆய்ஞ்சு நாலு பக்கம் கையால எழுதணும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுரை. தமிழாசிரியர் பாத்து அனுப்பணும். இந்தப் பிள்ளை எழுதிட்டு வந்தா. வாங்கி முதல் பத்தியைப் பாக்கேன், எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. என்ன எழுதியிருந்தா தெரியுமா?

"இந்தக் கதையில் பதினாறு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் சாய்வு நாற்காலியில், மூன்று பேர் பெஞ்சில், மற்றவர்கள் பாயிலும் கிடைத்த இடத்திலும். அந்தப் பாயை விரித்துப்போட்ட அண்ணன் மனைவி காந்திமதி மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றுகொண்டே இருக்கிறாள். எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்று கதை முடிகிறது. அவள் உட்கார்ந்தாளா என்று நான் தேடிப் பார்த்தேன்."

இல்லை தம்பி, பாக்காமத்தான் சொன்னேன். மனசுல நின்னுபோச்சு. ஒரு குறையைக் கண்டா அப்பிடித்தான் நிக்கும்.

நீங்களே சொல்லுங்க, இது முன்னுரையா? ஒரு முத்து இல்லை, கடல் இல்லை, வானம் இல்லை. இலக்கியத்துல போயி யாராவது ஆள் எண்ணுவாங்களா, ரேஷன் கார்டா அது? அதுல 'நான்' வேற வருது. ஆய்வுக் கட்டுரையில நான் எப்பிடி வரலாம்? நான் கேட்டேன், ஏட்டி, பதினாறுன்னு எழுதியிருக்கியே, எண்ணினியா? எண்ணினேன் சார்ங்கா. நானும் புஸ்தகத்தை எடுத்து எண்ணினேன். பதினஞ்சுதான் வந்துச்சு. மாட்டிக்கிட்டியான்னு பாத்தேன். சார், உரல் மேல ஒரு கைப்பிள்ளையை உக்கார வெச்சிருக்காங்க, நாலாம் பக்கத்துலன்னா. ஆமா, இருந்துச்சு. ஒம்பது வருஷம் நடத்தின கதையில ஒரு கைப்பிள்ளை இருக்குதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுக்காக அதை ஒத்துக்கிட முடியுமா?

இது எந்த ஊரு? சொக்கம்பட்டியா. பரவால்ல, சீக்கிரம் வந்துட்டான்.

என்ன பண்ணேன்னா, அவ நன்மைக்குத்தான் பண்ணேன், முதல் பக்கத்தை அப்பிடியே கிழிச்சுட்டேன். புதுத் தாளைக் குடுத்து, என் முன்னுரையைச் சொல்லச் சொல்ல எழுத வெச்சேன். தலை நிமிராம எழுதினா. கோடிட்ட இடத்துல கதைப் பேரையும் போட்டா. எழுதி முடிச்சுட்டு, சார், அந்தப் பழைய பக்கத்தை நான் வெச்சுக்கிடட்டுமான்னு கேட்டா. வேண்டாம், அதைப் பாத்துப் பாத்து அந்த நடை ஒட்டிக்கிடும்னு சொல்லி, மடிச்சு என் பையில வெச்சுட்டேன். மத்த மூணு பக்கத்துல நான் கை வைக்கலை. வாசிக்க நேரமில்லை.

அந்தப் போட்டியில அவளுக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்கு அப்பத் தெரியாது. பொறவுதான் தெரிஞ்சுது. அவளுக்கு பி.ஏ. தமிழ் படிக்கணுமாம். அப்பாவுக்கு நர்சிங்தான் நல்லதுன்னு. ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க. முதல் பரிசு வந்தா பி.ஏ., வரலைன்னா மறுபேச்சுப் பேசாம நர்சிங்.

போன வாரம் முடிவு சொன்னாங்க. அதுலதான் அநியாயம். முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடம் கட்டுரை அனுப்பியிருக்கு. அதுல முப்பத்தஞ்சு கட்டுரை ஒரே முன்னுரை. எம் முன்னுரை. என்கிட்ட படிச்ச பயலுவ பூரா வாத்தியாராகி ஊரு ஊரா அதைச் சொல்லிக்குடுத்திருக்கானுவ. ஒரு வார்த்தை என் பேரு சொல்லலை. நன்றின்னு ஒரு வரி இல்லை. நினைச்சுப் பாருங்க, ஒரு மனுசன் உழைப்பை இப்பிடிச் சுருட்டலாமா? ஈண்டு உட்பட எடுத்திருக்கானுவ தம்பி.

நடுவரா இருந்தது சௌந்தரவல்லின்னு ஒரு அம்மா, ரிட்டயர்டு பேராசிரியை. முப்பத்தஞ்சையும் தள்ளி வெச்சுட்டு, காப்பியடிச்ச கட்டுரைன்னு எழுதிட்டாங்க. அதுல முப்பிடாதியும் ஒருத்தி. பேப்பர்ல வேற வந்துபோச்சு, பள்ளிக்கூடத்துப் பேரு, பிள்ளை பேரு எல்லாம்.

ரெண்டு நாள் கழிச்சு அவ அப்பா பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. லீவுதான், நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன். அவரு சொன்னாரு, "சார், எம்பிள்ளை அடுத்தவன் வீட்டுல ஒரு முட்டாயி எடுத்ததில்லை. எழுத்தைத் திருடிட்டான்னு ஊரே பேசுது. அவகிட்ட கேட்டா, சாருகிட்ட கேளுங்கங்கா. திருடினாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். அதுக்கு முதல்ல திருட்டுன்னா என்னன்னு பாக்கணும், மரபுன்னா என்னன்னு பாக்கணும், மரபுக்கும் திருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூணு வகையா சொல்லலாம்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது வகைக்கு வரும்போது அவரு எந்திரிச்சுட்டாரு. வார திங்கக்கிழமை நர்சிங்குக்குப் பேரு குடுத்திருதேன் சார்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பிள்ளை வந்ததுல இருந்து சுவரோரமா நின்னுக்கிட்டுதான் இருந்தா. நாற்காலி ரெண்டு சும்மா கிடந்துச்சு. நான் உக்காரச் சொல்லலை. வாத்தியார் முன்னாடி பிள்ளைங்க உக்காருத வழக்கம் இல்லையே.

அதுக்கு மறுநாள் அந்த நடுவர் அம்மாகிட்ட இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம். முப்பிடாதி கட்டுரையை மறுபடியும் வாசிச்சிருக்காங்க. என்ன எழுதியிருக்காங்கன்னா, "இந்தக் கட்டுரைக்குத் தலை வேறாகவும் உடம்பு வேறாகவும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து இந்த மாணவி, நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றியே பேசுகிறாள். முதல் பக்கத்தை எழுதியவர் கதையைப் படித்தவராகத் தெரியவில்லை. மாணவி எழுதிய அசல் முதல் பக்கம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் நேரில் கொடுக்கவும். முதல் பரிசை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்."

இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழமை. மணி என்ன, மூணே முக்காலா. கடையநல்லூர்ல பஸ்ஸை நிறைய நேரம் போட்டுருவானோ?

கதையைப் படித்தவராகத் தெரியவில்லை. என்னைப் பாத்து. முப்பத்தோரு வருஷம் தம்பி. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, சார், பிள்ளை வேற முன்னுரை எழுதியிருந்தாளான்னு கேட்டாங்க. நான், மொழிநடையைக் கொஞ்சம் செப்பம் பண்ணேன்னு சொன்னேன். பொய் இல்லையே. அப்ப நீங்களே போயி விளக்கம் குடுத்துட்டு வாங்கன்னுட்டாங்க. நாலு பக்கத்துல விளக்கக் கடிதம் எழுதிக் கொண்டுபோறேன். அந்த முன்னுரையை முப்பத்தஞ்சு பேரும் என்கிட்ட இருந்துதான் எடுத்தாங்கங்கிறதை மன்றம் எழுத்துப்பூர்வமா ஒத்துக்கிடணும். அதாம் என் கோரிக்கை.

அந்தக் கிழிச்ச பக்கமா? இருக்கு. சட்டைப் பையிலதான் இருக்கு. அதைக் குடுக்கணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் வாரேன். குடுத்தா, இதை யாரு கிழிச்சாங்கன்னு கேப்பாங்கல்லா. இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்டு. பாராட்டு விழா மலருக்கு யாரு யாரு எழுதணும்னு பட்டியல் போட்டு வெச்சிருக்கேன்.

அது ஏன் இத்தனை நாளா சட்டைப் பையிலயே இருக்குன்னா, வாசிக்கத்தான். பிழை இருக்கான்னு பாக்க. ஒரு பத்துப் பதினஞ்சு தடவை வாசிச்சிருப்பேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. அது வேற எரிச்சல்.

இன்னொண்ணு சொல்லுதேன், சிரிக்கப்படாது. முந்தாநாள் வீட்டுல உக்காந்து இந்த விளக்கக் கடிதம் எழுதிக்கிட்டிருக்கேன். டிவியில ஏதோ சீரியலு. என் வீட்டம்மா, ஆவுடைன்னு பேரு, அடுக்களை நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டுப் பாக்கா. முழு சீரியலையும் நின்னுக்கிட்டே பாக்கா. விளம்பரம் வந்தா உள்ள போயி அடுப்பைப் பாத்துட்டு வந்து மறுபடியும் அதே இடத்துல நிக்கா. எங்க வீட்டுல ஏழு நாற்காலி. எண்ணிப் பாத்தேன். அந்தப் பிள்ளை பழக்கம் எனக்கும் தொத்திக்கிட்டு.

நான் கேட்டேன், ஏன் நிக்கே, உக்காரலாம்லா? அவ என்னைத் திரும்பிப் பாத்துட்டு, "எதுக்கு, உக்காந்தா எந்திரிக்கணும்லா"ன்னா. அவ்வளவுதான். சீரியலைப் பாக்க ஆரம்பிச்சுட்டா. எனக்குப் பொறவு ஒரு வரி ஓடலை. இருவத்தெட்டு வருஷத்துல அவ உக்காந்து நான் பாத்தது எப்பன்னு யோசிச்சேன். கல்யாணப் போட்டோவுல உக்காந்திருக்கா. பொறவு ஒருதடவை ஆஸ்பத்திரியில. நான் சும்மா ஆய்வு நோக்கத்துலதான் யோசிச்சேன், வேற ஒண்ணும் இல்லை. ஆனா மனசு கேக்கலை தம்பி. அந்தச் சின்னப்பிள்ளை மேல அப்பிடி ஒரு கோவம் வந்துச்சு. இதையெல்லாம் எழுதாம விட்டிருக்கலாம்லா?

கடிதத்தை வாசிச்சுப் பாக்கீயளா? வாசிங்க. முதல் பக்கம் தமிழின் தொன்மை. ரெண்டாவது, ஆசிரியப் பணியின் மாண்பு. மூணாவது, என் பணிக்காலச் சாதனைகள். என்ன தம்பி, தள்ளித் தள்ளிப் பாக்கீய? விஷயம் நாலாம் பக்கத்துல வரும்.

இடைகால் வந்துட்டு. இன்னும் கொஞ்ச தூரந்தான்.

என்ன சொல்லுதீய? மூணு பக்கத்தையும் எடுத்துட்டு நாலாவதை மட்டும் குடுக்கவா? நானும் யோசிச்சேன். ஆனா அது 'ஆகையால்'னு ஆரம்பிக்குது. எதுல இருந்து ஆகையால்னு அந்த அம்மா கேட்டா என்ன சொல்ல?

இந்தாங்க, அந்தப் பிள்ளை பக்கத்தையும் பாத்துருங்க. மெதுவா, மடிப்புல கிழிஞ்சிரும்.

என்ன தம்பி, ரெண்டாவது தடவை வாசிக்கீய. என் கடிதத்தை ஒரு தடவைகூட முழுசா வாசிக்கலை.

சரியாத்தான் இருக்குங்கீய. ம். எனக்கும் தெரியும் தம்பி. அன்னைக்குக் கிழிக்கும்போதே தெரியும். நல்லாயில்லாத பக்கத்தை யாரும் மடிச்சுப் பையில வைக்க மாட்டாங்க, கசக்கி எறிஞ்சிருவாங்க. ஒம்பது வருஷமா அந்தப் பொம்பளையை நிக்க வெச்சுட்டு அண்ணன் பெருந்தன்மையை நடத்திக்கிட்டிருந்திருக்கேன். ஒரு பிள்ளை அதைக் கண்டுபிடிச்சா. அவளையும் நிக்க வெச்சுட்டேன். வெக்கமா இருக்கு.

பேனா வெச்சிருக்கீயளா? குடுங்க. இந்த நாலாம் பக்கத்துக்குப் பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. பஸ்ஸு ஆடுது, எழுத்துக் கோணும், போவட்டும். எழுதிட்டேன். ரெண்டே வரி. வாசிக்கேன், கேளுங்க: "அம்மா, மாணவி முப்பிடாதி எழுதிய அசல் முதல் பக்கத்தை ஈண்டு இணைத்துள்ளேன். அதைக் கிழித்து என் முன்னுரையை எழுத வைத்தவன் நான். குற்றாலிங்கம்."

சிரிக்கீயளே. அந்த ஒரு வார்த்தை இருந்துட்டுப் போவட்டும் தம்பி. அது என்னோடது.

யம்மா, நீங்க இங்கன வந்து உக்காருங்க. நான் எறங்கப்போறேன். தெரியும், பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் தூரம் இருக்கு. பரவால்ல, நான் நிக்கேன். உக்காருங்கன்னா. இல்ல, கூடை அங்கனயே இருக்கட்டும்.

தம்பி, ஒரு நிமிசம், வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கிடுதேன்.

அலோ, ஆவுடை. நான்தான். எங்கன நிக்கே? அடுக்களையிலயா. போயி அந்தச் சாய்வு நாற்காலியில உக்காரு. ஆமா, என் நாற்காலிலதான். ஒண்ணும் ஆவலை, நல்லாத்தான் இருக்கேன், தென்காசி வந்துட்டு. ஏன் எதுக்குன்னு பொறவு சொல்லுதேன். பால் அடுப்புல இருந்தா அணைச்சுட்டுப் போ. நீ என்னத்துக்கு இவ்வளவு பேசுதே? முன்னுரையெல்லாம் வேண்டாம் ஆவுடை, உக்காந்தியா இல்லையா, அதைச் சொல்லு.